ஆறு ஓட்டைக்கு ஒன்பது கால்

கரண்ட் கம்பியே எட்டிப்பார்க்காத தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் டிராக்டர் பேட்டரியை வைத்து டெலிவிஷன் ஓடவிட்டவன் நான். ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே, இந்தப் பனிக்குள் படம் வராது என்று கொழும்பிலிருந்து வந்த ஆள் கையை விரித்துவிட்டுப் போன தோட்டத்தில், மூங்கிலையும் அலுமினியக் குழாயையும் கட்டி அன்டனா ஏற்றிப் படத்தை வரவழைத்தவன் நான். எரிந்துபோன மூன்று ஆம்பிளிஃபயரைப் பிரித்து ஒன்றாக்கி, தேர் ஊரைச் சுற்றி இருப்புக்குத் திரும்பும்வரை நாதஸ்வரம் ஒரு நொடி அறுந்துபோகாமல் ஒலிக்கவைத்தவனும் நான்தான். மாத்தளை டவுனில் என் பெயரில் கடை. பலாபத்வலையில் என் பெயரில் வீடு. அந்த வீட்டில் ஓடுகிற கரண்ட் கம்பி ஒவ்வொன்றும் என் கையால் இழுத்தது. இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

எங்கள் திருத்துநர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று செயலாளர் தம்பி கேட்டார். "இனிமையான நினைவுகளா ரெண்டு பக்கம் போதும் ஐயா" என்றார். இனிமையானது என்னிடம் அவ்வளவாக இல்லை. இருப்பதை எழுதுகிறேன். மலரில் போடுவதானால் ஒரு எழுத்தும் மாற்றாமல் போட வேண்டும். நிரோஷன் என்கிற கம்ப்யூட்டர் கடைக்காரன் போன மாதம் போனில் ஒரு வீடியோ போட்டிருக்கிறான். அதை இந்தச் சங்கத்தில் பாதிப்பேர் பார்த்து, விரல் படம் போட்டுப் பாராட்டியும் இருக்கிறீர்கள். அந்த வீடியோவுக்குப் பதில்தான் இது.

முதலில் காசிம் நானாவைச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதில் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த என்னை ரேடியோக் கடைக்குள் விட்டவர் அவர். நான் கூட்டியது, துடைத்தது, தேத்தண்ணி வாங்கி வந்தது, சூட்டுக்கோலில் விரலைச் சுட்டுக்கொண்டது எல்லாம் எல்லோருக்கும் உள்ள கதை. அதை விடுங்கள். நானாவின் வேலை முறைதான் முக்கியம்.

அவர் எந்தப் பெட்டியையும் வந்தவுடன் திறக்க மாட்டார். கொண்டுவந்த ஆளைக் கதிரையில் உட்கார வைப்பார். மூன்றே கேள்வி.

"பெட்டி வீட்டுல எங்க ஈக்கி?"

"எப்பிடி வச்சீக்கிற? நிமிர்த்தியா, படுக்கப் போட்டா?"

"பாட்டு நிக்கிற நேரம் யாரு பக்கத்துல, என்ன செஞ்சிக்கிட்டு ஈந்த?"

மூன்றாவது கேள்விக்குப் பெரிய பெரிய முதலாளிமாருக்கெல்லாம் கோபம் வரும். "ரேடியோவத் திருத்தச் சொன்னா வீட்டு விசயம் கேக்குறீங்க" என்பார்கள். நானா சிரிக்க மாட்டார், கோபப்படவும் மாட்டார். பதில் வரும்வரை பெட்டியைத் தொட மாட்டார், அவ்வளவுதான்.

திருத்தி முடித்தபின் இன்னொரு வேலை இருக்கிறது. பின்மூடியைப் போட்டு, எல்லா ஸ்க்ரூவும் முடுக்கி, வீட்டில் எப்படி இருக்குமோ அப்படியே தட்டில் நிமிர்த்தி வைத்து, ஒரு பகல் முழுக்கப் பாடவிடுவார். ஆள் வாசலில் நின்று "நல்லாத்தானே பாடுது, குடுங்க நானா" என்று கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். "மூடி இல்லாமப் பாடுற ரேடியோ எனக்குப் பாடுற, ஒங்களுக்குப் பாடாது" என்பார். இதைவிடப் பெரிய படிப்பை எந்தக் கலாசாலையில் சொல்லிக்கொடுக்கிறார்களோ எனக்குத் தெரியாது.

மூன்றாவது, பீரிசு. கழற்றுகிற ஸ்க்ரூவெல்லாம் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற ஒரு பீங்கான் பீரிசில் விழ வேண்டும். வேலை முடியும்போது பீரிசு வெறுமையாக இருக்க வேண்டும். ஒருநாள் யட்டவத்தையிலிருந்து வந்த ஒரு செட்டை நான் மூடிக் கொடுத்தனுப்பிவிட்டேன். பின்னேரம் பார்த்தால் பீரிசில் ஒரு ஸ்க்ரூ. நானா அந்த ஸ்க்ரூவைக் கடுதாசியில் மடித்து என் சட்டைப் பையில் போட்டு, கதவைக் காட்டினார். பஸ் ஏறி யட்டவத்தை போய், சந்தையில் வீடு விசாரித்து, அந்த வீட்டு அம்மா சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்க, ஒரே ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம் என் பீரிசில் மிச்சம் இருந்ததில்லை.

இப்போது கம்ப்யூட்டர் கதை.

என் மருமகள் கவிதா வீட்டுப் படம் வரைகிறவள். கொழும்பில் கட்டட வேலை செய்கிற ஒரு ஆபீசில் அவளுக்கு இடம் கிடைத்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பலாம், ஆனால் முதல் இரண்டு கிழமை பரீட்சை மாதிரி. நேரத்துக்கு வேலை போகாவிட்டால் கொழும்புக்கே வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகன் கட்டாரில். பேத்தி மூன்றாம் வகுப்பு. கவிதா கொழும்பில் போர்டிங்கில் இருப்பதென்றால் பிள்ளை தாயும் இல்லாமல், தகப்பனும் இல்லாமல் என்னோடு இருக்க வேண்டும். எனக்குச் சோறு வடிக்கவே வராது.

அந்த வேலைக்குக் கடையில் விற்கிற சாதாரணப் பெட்டி பத்தாதாம். சாமான் சாமானாகப் பொறுக்கிப் புதிதாகக் கட்ட வேண்டுமாம். கட்டினவன் நிரோஷன். இருபத்திரண்டு வயதில் என் கடைக்கு வேலை பழக வந்து, எட்டு மாதம் இருந்து, "ரேடியோவுக்கெல்லாம் இனி எதிர்காலம் இல்லைங்க" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனவன். இப்போது அவனுக்குக் கண்ணாடி போட்ட கடை, சுவரில் ஐந்து சான்றிதழ். ஒன்றிலாவது ஸ்க்ரூ முடுக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

பெட்டி வந்தது. ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. மறுபக்கம் தகரக் கதவு. உள்ளே கலர் கலராக வெளிச்சம், கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி. முதல் நாளே, கவிதா ஒரு மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தபோது, படம் அப்படியே நின்றுவிட்டது. அம்பு அசையவில்லை. எழுத்து விழவில்லை. கரண்டைப் பிடுங்கிப் போட்டால் மறுபடி வந்தது. அரை மணியில் மறுபடி நின்றது.

கடைக்குக் கொண்டுபோனோம். சாப்ட்வேர் பிழை என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான். வீட்டில் நின்றது. இரண்டாம் தடவை, ஞாபகத்துக்கு இருக்கிற குச்சியை மாற்றினான். நின்றது. மூன்றாம் தடவை "ஹீட் அங்கிள், ஹீட்" என்று இருந்த மூன்றோடு இன்னும் மூன்று விசிறி பூட்டினான். அவற்றுக்கும் கலர் வெளிச்சம். இப்போது வெளிச்சத்தோடு நின்றது.

நாலாம் தடவை நானும் கூடப் போனேன். மேசைமேல் பெட்டி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க அங்கிள், நாலு மணித்தியாலமா ஓடுது. ஒரு பிரச்சினையும் இல்ல" என்றான்.

"அப்போ வீட்டுல ஏன் நிக்கிது?"

"வீட்டு கரண்ட்லதான் ஏதோ கோளாறு. ஒங்க வயரிங் பழசுதானே அங்கிள். எர்த் ஒழுங்கா இருக்காது."

என் வயரிங்! கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கவிதா என் கையைப் பிடித்து, "வாங்க மாமா, போவோம்" என்றாள். அவன் வயதில் நான் தேயிலை ஃபெக்டரிக்கே எர்த் போட்டவன். அதை அந்த இடத்தில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஆனாலும் நான் அவனை மாதிரி இல்லை. ஒருத்தன் சொன்னால், அவன் மடையனாக இருந்தாலும், சோதித்துத்தான் மறுப்பேன். வீட்டுக்குப் போய் மீட்டரை எடுத்து ஒவ்வொரு பிளக்காகப் பார்த்தேன். கரண்ட் ஆடவில்லை. எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தேன், நான் புதைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே. அதோடும் விடாமல் மறுநாள் விடியவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, போன வருடம் கட்டின பக்கத்து வீட்டுக்குப் போனேன். புது வீடு, புது வயரிங். அங்கேயும் இருபது நிமிடத்தில் நின்றது. வயரிங்கின் மானம் காப்பாற்றப்பட்டது. வருத்தம் என்னவென்றால் அதைப் பார்க்க நிரோஷன் அங்கே இல்லை.

திரும்பி வந்தபோது கவிதா அலுமாரிக்கு மேலிருந்து பயணப் பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"அது எதுக்கு?"

"இன்னும் அஞ்சு நாள்தான் மாமா இருக்கு. மூணு வேலை அனுப்பல. வெள்ளவத்தையில ஒரு போர்டிங் இருக்குன்னு சொன்னாங்க. கேட்டு வச்சிருக்கேன்."

"பிள்ளைக்கு?"

"நீங்க இருக்கீங்கதானே" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பையின் சிப்பை இழுத்து இழுத்துப் பார்த்தாள். அது ஒழுங்காகத்தான் ஓடியது.

"பையை மேல வை. இங்க வந்து உக்காரு" என்றேன்.

கதிரையில் உட்கார வைத்தேன். "கடையில இந்தப் பெட்டி எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? மேசை மேல."

"நிமிர்த்தியா?"

"நிமிர்த்தித்தான்."

"கதவு?"

கவிதா யோசித்தாள். "ரெண்டு கதவும் கழட்டித்தான் இருந்துச்சு மாமா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நாங்க கொண்டுவரப் போறப்போதான் மூடுவான். அந்தத் தகரக் கதவு மூட வராது, முழங்காலால அமுக்கித்தான் மூடுவான்."

எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது. மூடி இல்லாமல் அவனுக்குப் பாடியிருக்கிறது, எங்களுக்குப் பாடவில்லை.

அவனைக் கேட்டால் மூடினால் ஹீட் என்பான். சரி, ஹீட்டா என்று பார்ப்போம். சூடு போவதற்கு இருக்கிற வழி கண்ணாடிப் பக்கம். தகரக் கதவுக்குப் பின்னால் வெறும் வயர்தான், அந்த வயர்க் கட்டை மறைக்கத்தான் அந்தக் கதவே. நான் கண்ணாடியைக் கழற்றி, தகரத்தை மட்டும் மூடினேன். சூடுதான் குற்றவாளி என்றால் இப்போது நிற்கக் கூடாது.

"வரை" என்றேன்.

பதினைந்து நிமிடத்தில் நின்றது. அதுவும் மழை பெய்து, நான் கம்பளிச் சட்டை போட்டிருந்த காலையில்.

பிறகு மாற்றிப் போட்டேன். கண்ணாடியை மூடி, தகரத்தைக் கழற்றினேன். சூடு என்றால் இப்போது நிற்க வேண்டும். கவிதா வரைந்தாள். பகல் சோற்றுக்கு எழும்பவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உடுப்பு மாற்றி, தானே சோறு போட்டுச் சாப்பிட்டது. பெட்டி நிற்கவில்லை.

"போதும் மாமா, இப்படியே தொறந்து வச்சே வேலை செய்றேன்" என்றாள் கவிதா.

"மூடி இல்லாத பெட்டிய இந்த வீட்டுல வைக்கிறதில்ல" என்றேன். கேட்டிருந்தால் நானா மண்ணறையிலிருந்து எழுந்து வந்திருப்பார்.

தகரக் கதவுக்குப் பின்னால் இன்னொரு தகடு இருக்கிறது. அந்தத் தகட்டின் மறுபக்கத்தில்தான் எல்லாச் சாமானும் குத்தியிருக்கிற பெரிய பலகை, மதர்போர்ட் என்கிறார்கள், சின்னச் சின்னப் பித்தளைக் கால்களில் நிற்கிறது. பலகையின் முதுகு முழுக்க ஈயப் புள்ளிகள். அவை எந்த உலோகத்திலும் படக் கூடாது, அதற்காகத்தான் அந்தக் கால்கள். தகடு மலிவுச் சாமான், பப்படம் மாதிரி மெல்லிசு. நிரோஷன் வயர்களை அழகாக மறைக்கிறேன் என்று என் மணிக்கட்டுத் தடிப்புக்கு ஒரு கட்டாகக் கட்டித் தகட்டுக்கும் கதவுக்கும் நடுவே திணித்திருந்தான்.

வாய்திறக்காத ரேடியோவில் கோளாறு எங்கே என்று பார்க்க, மரக்குச்சியால் ஒவ்வொரு இடமாக மெதுவாகத் தட்டுவோம். இப்போதுள்ள ஆட்களுக்கு இது காட்டுமிராண்டித்தனம். நான் பேத்தியின் பென்சிலை எடுத்து, அழிரப்பர் இருக்கிற பக்கத்தால் தகட்டை ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டு போனேன். கவிதா திரையைப் பார்த்துக்கொண்டு மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஓடுது... ஓடுது... ஓடுது மாமா... ஐயோ!"

நின்றுவிட்டது. கரண்டைப் பிடுங்கிப் போட்டு, மறுபடி அதே இடத்தில் அழுத்தினேன். நின்றது.

"இன்னொருக்கா அமுக்குங்க மாமா!"

மூன்றாம் தடவையும் நின்றது. கவிதா கைதட்டிச் சிரித்தாள். ஒரு கிழமைக்கு மேலாகக் கம்ப்யூட்டர் நின்றால் அழுத பிள்ளை, அன்றைக்கு அது நின்றதற்குச் சிரித்தது.

பீரிசை எடுத்து வைத்துப் பலகையைக் கழற்றினேன். பலகையில் ஓட்டை ஆறு. தகட்டில் பித்தளைக் கால் ஒன்பது. அந்தப் பெட்டி பெரிய பலகைக்கும் சின்னப் பலகைக்கும் பொதுவாகச் செய்தது. கால்கள் ஒரு பையில் தனியாக வரும், பலகைக்குத் தேவையானதை மட்டும் பூட்ட வேண்டும். நிரோஷன் பையில் இருந்த எல்லாவற்றையும் பூட்டிவிட்டான். மிச்சம் மூன்று காலில் இரண்டு எதிலும் படாமல் நின்றன. மூன்றாவது, சரியாக ஈயப் புள்ளிகளுக்குக் கீழே. பலகையின் முதுகில் ஊசியால் கீறியதுபோல் ஒரு தழும்பு. கதவை முழங்காலால் மூட, வயர்க் கட்டு தகட்டைத் தள்ள, தகடு காலைத் தள்ள, மயிரிழை இடைவெளியில் நிற்கிற கால் விசிறி அதிர்கிற அதிர்வில் அரை மணிக்குள் புள்ளியைத் தொட, கம்ப்யூட்டர் செத்துப்போகும். கதவைத் திறந்தால் விடும். சாப்ட்வேர், ஞாபகக் குச்சி, ஆறு விசிறி!

மூன்று காலையும் கழற்றினேன். வயர்க் கட்டைப் பிரித்துத் தட்டையாகப் பரப்பினேன். பலகையைப் பூட்டி, இரண்டு கதவையும் மூடி, எல்லா ஸ்க்ரூவும் முடுக்கி, மேசைக்குக் கீழே அதன் இடத்தில் வைத்து, மறுநாள் பகல் முழுக்க ஓடவிட்டேன். அசையவில்லை. என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் வேலை சரியாக முடிந்தும் பீரிசில் மூன்று மிச்சம் இருந்தது.

அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு நிரோஷனின் கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.

"இது என்ன?"

பார்த்தவுடன் விளங்கிவிட்டது அவனுக்கு. அவ்வளவு மடையன் இல்லை. முகம் சுருங்கியது. பிறகு சொன்னான் பாருங்கள்:

"அங்கிள், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. வேலை முடிஞ்சா ஒரு ஸ்க்ரூவும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு. என் விரல் முட்டியில குறட்டால அடிச்சீங்களே, ஞாபகம் இல்லையா?"

"கழட்டினதத்தான்டா திரும்பப் போடச் சொன்னேன். பையில வந்ததெல்லாம் பூட்டச் சொன்னேனா?"

"அப்படி நீங்க சொல்லலையே."

நான் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொன்னேனா என்று கேட்டால், தெரியாது. ரேடியோக் கடையில் எல்லாமே கழற்றின சாமான், புதிதாகக் கட்டுகிற வேலை அங்கே இருந்ததில்லை. அடிப்பது சொல்வதைவிடச் சுருக்கமாக இருந்தது. அந்தப் பிழையில் ஒரு பங்கு என்னுடையது. எழுதிவிட்டேன், இதையும் அச்சடியுங்கள். ஆனால் மூடி இல்லாமல் சோதித்தது, முழங்காலால் அமுக்கியது, என் வயரிங்கைப் பழி சொன்னது, மூன்றும் அவன் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை.

கவிதா மிச்ச வேலை மூன்றையும் நாலு நாளில் அனுப்பினாள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. நான் சோறு வடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் பேனா எடுத்திருக்கவே மாட்டேன். பத்து நாள் கழித்துக் கவிதா போனைக் கொண்டுவந்து காட்டினாள். நிரோஷன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பேசுகிறான். "புதுக் கம்ப்யூட்டர் ஸ்டக் ஆகுதா? யாரும் சொல்லாத ஒரு ரகசியம் சொல்றேன்" என்கிறான். கையில் மூன்று பித்தளைக் கால், நான் அவன் மேசையில் வைத்துவிட்டு வந்த அதே மூன்று. தகட்டைப் பென்சிலால் அழுத்திக் காட்டுகிறான். பென்சிலின் அழிரப்பர் பக்கத்தால்! நடுவிலே ஒரு வசனம்: "ஒரு வயசான அங்கிள் பயந்துபோய்க் கொண்டுவந்தாரு. நாங்க அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிட்டோம்."

அஞ்சு நிமிடம். நாலு தடவை கொண்டுபோனதை அவன் எந்தக் கடிகாரத்தில் பார்த்தான்?

"விடுங்க மாமா, நமக்கு வேலை நடந்துருச்சுதானே" என்றாள் கவிதா.

"நீ வரையிற தாளக் கொண்டா" என்றேன்.

அவள் அனுப்புகிற ஒவ்வொரு படத்தின் வலப்பக்கக் கீழ் மூலையிலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று பெயர் எழுதாமல் அந்த ஆபீசில் தாள் ஒன்றும் நகராது. அன்றைக்கு அவள் கையில் இருந்தது யாரோ ஒரு புண்ணியவானின் வீட்டுக் கக்கூஸ் சுவர். அதிலேயும் இரண்டு பெயர் இருந்தது.

ஆகவே நிரோஷனுக்கு இந்த மலர் மூலமாக அறிவிப்பது: அந்த வீடியோவை இறக்கு. திரும்பப் பிடித்துப் போடு. பயந்துபோய் என்கிற வார்த்தை அதில் இருக்கக் கூடாது. அங்கிள் என்று மாத்தளையில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதுவும் இருக்கக் கூடாது. ஒன்பது காலையும் பூட்டியவர் நிரோஷன், மூன்றைக் கண்டுபிடித்துக் கழற்றியவர் ரேடியோ பாஸ் செல்லையா என்று, சத்தமாக, முழுப் பெயரோடு சொல். கக்கூஸ் சுவருக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கும் கிடைக்க வேண்டும்.